ஊர் பழகி முடிகிற நேரத்தில் இடமாற்றம்: இளம் ஊழியர் ஒருவர் ஓரிடத்தில் எத்தனை காலம் இருக்க வேண்டும்?

வாவிக்கரை ஊழியன் (இழையைத் தொடங்கியவர்)

இங்கே பல மாதங்களாக வாசகனாக மட்டுமே இருந்துவிட்டு இன்றுதான் முதன்முதலாக எழுதுகிறேன். எனக்கு வயது 27. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். 5 ஆண்டுகளாகத் திருச்சபை ஊழியத்தில் இருக்கிறேன். எந்தச் சபை என்று சொல்லாமல் விடுவதற்கு மன்னிக்க வேண்டும். நான் எழுதப்போவதில் ஒரு மனக்குறையும் கலந்திருக்கிறது, அதைப் பெயர் சொல்லிப் பொதுவில் வைப்பது முறையல்ல.

முதல் ஒன்றரை ஆண்டு மட்டக்களப்பு நகரத்தில் இருந்தேன். பின்னர் வாவியைக் கடந்து மண்டூருக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்துக்கு அனுப்பப்பட்டேன். எங்கள் சபையைச் சேர்ந்த குடும்பங்கள் அங்கே 14 மட்டுமே. மற்ற எல்லோரும் சைவர்கள். தேயிலையைத் தவிர வேறு பயிர் அறியாத நான், வந்த புதிதில் ஒரு செபக்கூட்டத்தில் நாற்று நடுவதைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அந்த வட்டையில், அதாவது வயல்வெளியில், யாரும் நாற்று நடுவதில்லை, நெல்லை வீசி விதைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வயலில் நிற்கும் பயிருக்கே இங்கு வேளாண்மை என்று பெயர் என்பதும், வயலின் சொந்தக்காரரான போடியார் யார், வயல் வேலையைப் பார்த்து நடத்தும் முல்லைக்காரன் யார், நெல் அடிக்கும் களமான களவெட்டியில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் புரிய எனக்கு ஒரு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும் சென்றன. விதைக்கிறவனைப் பற்றி இயேசு சொன்ன உவமையை அதன் பின்னர்தான் துணிந்து எடுத்தேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்ற ஒரு பெரியவர் கேட்டார்: "ஐயா, வரம்பில விழுந்த நெல்லக் குருவி தின்னுறது எங்களுக்குப் புதினமில்ல. குருவிக் காவலுக்கு அந்த மனிசன் ஏன் ஆள் விடல்ல?" அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. ஆனால் அவர் என்னோடு தர்க்கம் செய்யும் அளவுக்கு நெருங்கிவிட்டார் என்பதில் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இப்போது மாசி மாதம், வேளாண்மை வெட்டு நடந்துகொண்டிருக்கிறது, இடமாற்றக் கடிதம் வந்துவிட்டது. பங்குனி முதல் வாரத்தில் நான் திருக்கோவில் பக்கம் போக வேண்டும். போவதில் எனக்குத் தயக்கமில்லை; கீழ்ப்படிவதாகச் சொல்லித்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஆனால் எனக்கு முன்னிருந்தவர் போனபின் அந்த இடம் 7 மாதம் வெறுமையாக இருந்திருக்கிறது. நான் வந்தபோது ஓய்வுநாட் பாடசாலையின் வரவுப் பதிவேட்டில் கடைசியாகப் பதியப்பட்ட திகதிக்குப் பிறகு பக்கங்கள் வெள்ளையாகவே இருந்தன, அதில் பெயருள்ள பிள்ளைகளில் பாதிப்பேர் வளர்ந்து வேறு திசையில் போய்விட்டார்கள். இப்போது மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சபைப் பிள்ளைகளை விட மற்றப் பிள்ளைகளே அதிகம். ஊர் பழகி முடிகிற நேரத்தில் ஆளை எடுத்துவிடும் இந்த முறை யாருக்கு நன்மை செய்கிறது என்பதே என் கேள்வி. இவ்வழியில் நடந்தவர்களும், இவ்வழியில் நடப்பவர்களைத் தம் ஊரில் கண்டவர்களும் சொல்ல வேண்டும்.

புளியந்தீவு டீச்சர்

தம்பி, நான் 34 ஆண்டுகள் படிப்பித்து ஓய்வு பெற்றவள், மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் சபையில் மூன்று ஆண்டுக்குமேல் ஒருவரை ஓரிடத்தில் வைக்கக்கூடாது என்ற எல்லை 1784ஆம் ஆண்டு ஜோன் வெஸ்லி எழுதிய உறுதிப் பத்திரத்திலேயே இருந்தது. போதகர் தம் ஊருக்குச் சொந்தக்காரராகிவிடுவார், சபை அவருடைய சொத்தாகிவிடும் என்ற அச்சமே அதற்கு அடிப்படை என்று என் தகப்பனார் சொல்வார். அந்த அச்சம் வீண் அச்சம் அல்ல. நான் என் கண்ணால் அத்தகைய சிற்றரசர்களைக் கண்டிருக்கிறேன்.

எத்தனை காலம் என்று கேட்கிறீர்கள். இங்கு வந்த முதல் மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் எட்டு மாதம்கூட நிறைவாக இருக்கவில்லை. தோமஸ் கோக் தலைமையில் புறப்பட்ட அந்த முதற் குழுவின் கதையே துயரமானது. வரும் வழியில் ஓல்டின் மனைவி கப்பலில் இறந்தார். 1814 மே 3ஆம் திகதி கோக்கும் இந்து சமுத்திரத்தில் இறந்தார். எஞ்சியவர்கள் ஜூன் இறுதியில் தென்கரையில் இறங்கி, யார் எங்கே போவது என்று தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். மனைவியை இழந்த அந்த இளைஞர் தனியாக இங்கே வந்தார், பாடசாலை தொடங்கினார், 1815 ஏப்ரல் 1ஆம் திகதி காய்ச்சலில் இறந்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை இன்றும் 1814 என்றே எழுதுகிறது.

எட்டு மாதம் போதும் என்று நிறுவ இதைச் சொல்லவில்லை. சிலை வைத்த பிறகு எல்லாக் கதையும் நேராகிவிடுகிறது. அவர் இறந்தபின் வந்தவர்கள் தொடர்ந்து வராமல் இருந்திருந்தால் அந்த எட்டு மாதமும் உங்கள் பதிவேட்டைப்போல வெள்ளைப் பக்கமாகவே போயிருக்கும். ஆகவே உங்கள் மனக்குறை, நீங்கள் போவதைப் பற்றியதாக இருக்கக்கூடாது. அடுத்தவர் வராமலிருப்பதைப் பற்றியதாக இருக்க வேண்டும். கடிதம் எழுதுங்கள். பணிவாக எழுதுங்கள், ஆனால் 7 மாதம் என்ற எண்ணிக்கையை அதில் எழுதாமல் விடாதீர்கள்.

படுவான்கரையான்

நான் சைவன், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்தவன், சற்று வேறுவிதமாகச் சொல்ல விரும்புகிறேன். வரவேற்கும் ஊரின் பக்கத்திலிருந்து இதை யாரும் பார்க்கவில்லை.

எங்கள் ஊருக்கு ஊழியக்காரர் ஒருவர் வரும்போது, இவர் எதற்காக வருகிறார் என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. ஆழிப்பேரலைக்குப் பின்னர் சில குழுக்கள் அரிசி மூட்டையோடு துண்டுப் பிரசுரத்தையும் சேர்த்துக் கொடுத்ததை நாங்கள் மறக்கவில்லை. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது, அரசியலும் இருந்தது. அந்த அலைக்குச் சில மாதங்கள் முன்னரே, 2004இல், கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தது, அது நிறைவேறவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, கற்பித்தல் பணி செய்யும் கத்தோலிக்க அருட்சகோதரிகளின் சபையொன்றைச் சட்டப்படி கூட்டிணைக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. தன் சமயத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை உறுப்புரை 10 தருகிறது, அதை வழிபாட்டிலும் போதனையிலும் வெளிப்படுத்தும் உரிமையை உறுப்புரை 14 தருகிறது. ஆனால் பரப்புவதற்கு உரிமை உண்டா என்ற இடத்தில்தான் வழக்கு நின்றது. இதைப் பிறகு ஐ.நா. மனித உரிமைக் குழு 2005இல் வேறுவிதமாகப் பார்த்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கிராமத்தில் இதை அளப்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே கருவி காலம்தான். மூன்று மாதத்தில் போகிறவர் எண்ணிக்கை காட்டுவதற்காக வந்தவர். மூன்று ஆண்டு இருந்து, வெள்ளம் வந்தபோது எங்களோடு பாடசாலைக் கட்டடத்தில் படுத்தவர் வேறு ஆள். உங்களைப் போன்றவரை எடுத்துவிட்டுப் புதியவரை அனுப்பினால், அவர் மீண்டும் முதலாவது கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும். எங்களுக்கும் அது அலுப்பு.

மாலை வகுப்பில் சபைப் பிள்ளைகளை விட மற்றப் பிள்ளைகள் அதிகம் என்கிறீர்கள். அந்தப் பெற்றோர் உங்களிடம் பிள்ளையை விடுவதற்கு எவ்வளவு யோசித்திருப்பார்கள் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள் என்றே நம்புகிறேன்.

மைக்கேல் பழைய மாணவன்

இடம்பெயர்வதற்கென்றே அமைக்கப்பட்ட துறவற சபை ஒன்று உண்டென்றால் அது 1540இல் அங்கீகாரம் பெற்ற இயேசு சபைதான். எங்கே அனுப்பினாலும் போவது அவர்களுடைய வாக்குறுதி. ஆனால் அச்சபையினர் மட்டக்களப்பில் நடந்துகொண்ட விதம் இந்த விவாதத்தையே தலைகீழாக்குகிறது. முதலில் பிரெஞ்சுக்காரர்களும் பின்னர் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்தவர்களும் இங்கே வந்து, இங்கேயே நின்றுவிட்டார்கள். ஹரி மில்லர் அடிகளார் 1948இல் இளைஞராக வந்தார். 2019 ஜனவரி 1ஆம் திகதி இறக்கும்வரை, அதாவது ஏறத்தாழ 70 ஆண்டுகள், இந்த ஊர் அவருடையதாக இருந்தது. போர்க்காலத்தில் பிள்ளையைக் காணவில்லை என்று வந்த தாய்மாரின் முறைப்பாடுகளை எழுதி வைத்தவர்களில் அவர் ஒருவர். மூன்று ஆண்டுக்கொருமுறை மாறும் ஒருவரிடம் அந்தத் தாய்மார் போயிருப்பார்களா? போயிருக்க மாட்டார்கள் என்பதே என் எண்ணம். முறைப்பாட்டைக் கேட்பவர் நாளைக்கும் அதே கதிரையில் இருப்பார் என்ற நம்பிக்கை வேண்டும்.

நிற்பதற்கும் ஒரு விலை இருந்தது. எங்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய இயூஜீன் ஹெபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த இளைஞரோடு காணாமல்போனார். இன்றுவரை தடயம் இல்லை. அவர் விரும்பியிருந்தால் அதற்கு முன்னரே தம் நாட்டுக்குப் போயிருக்கலாம்.

குருமனைக்காரி

ஆண்கள் எல்லோரும் போதகரைப் பற்றியே எழுதுகிறீர்கள். டீச்சரும் அப்படியே எழுதியது எனக்குச் சற்று வியப்பு. நான் ஒரு போதகரின் மனைவி, போதகருக்குச் சபை தரும் வீடான குருமனையை 11 ஆண்டில் 4 முறை கண்டவள். என் மூத்த மகன் மூன்று பாடசாலைகளில் படித்திருக்கிறான். இரண்டாவது பாடசாலையில் அவனுக்குக் கிடைத்த நண்பனின் பெயரை இப்போது சொல்ல முடியாமல் தடுமாறுகிறான். குருமனையில் ஆணி அடிப்பதற்குக்கூட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும் என்பது புதிதாக ஊழியத்துக்கு வரும் பெண்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

ஆனால் மட்டக்களப்பில் இது வேறு வகையில் உறைக்கும். நான் யாழ்ப்பாணத்தவள், இங்கே வந்துதான் இதைக் கண்டேன். இந்தப் பகுதியில் வீடு பெண்ணுடையது. மகள் கலியாணம் முடிக்கும்போது தாய் தன் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் ஓரமாக ஒரு சிறு வீட்டுக்கு ஒதுங்கிவிடுவார். குடி என்னும் குலப் பிரிவும் தாய்வழியில்தான் வருகிறது. கோயில் திருவிழாவில் எந்த நாள் யாருடையது என்பதுவரை அந்தக் குடி முறைதான் தீர்மானிக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் என்னிடம் முதன்முதலில் கேட்டது, "உங்கட வீடு எங்க மாமி?" என்பதுதான். எனக்கு வீடு இல்லை என்று சொன்னபோது அவள் முகத்தில் வந்த இரக்கத்தை நான் மறக்கவில்லை. கணவருக்குப் பட்டம் இருந்தது, பதவி இருந்தது, மேடை இருந்தது. வீடில்லாத பெண்ணான என்னை எந்த இடத்தில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பிறகு வைத்தார்கள். ஒரு மழைக்காலத்தில், ஊரில் பிள்ளை பெற்ற வீடொன்றுக்கு என்னைச் சரக்கு இடித்துத் தரக் கூப்பிட்டார்கள். அன்றுதான் எனக்கு அந்த ஊரில் உறவுமுறை கிடைத்தது. அதற்கு 2 ஆண்டு சென்றது, அடுத்த ஆண்டே மாற்றம்.

தம்பி, உங்களுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். ஆகும்போது வரப்போகிற பிள்ளையிடம் இதை முன்னரே சொல்லிவிடுங்கள்.

சாய்ந்தமருது வாசகன்

இழையை ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். எங்களிடையே தப்லீக் என்னும் மார்க்க அழைப்புப் பணிக்குப் போகிறவர்களுக்குக் காலம் தொடக்கத்திலேயே அளக்கப்பட்டுவிடுகிறது: மாதத்தில் 3 நாள், ஆண்டில் 40 நாள், வாழ்நாளில் ஒருமுறையேனும் 4 மாதம். தம் செலவில் போவார்கள், பள்ளிவாசலில் படுப்பார்கள், தாமே சமைப்பார்கள். போகிற ஊருக்குத் தொடர்ந்து ஊழியம் செய்வதாக அவர்கள் வாக்குக் கொடுப்பதில்லை. அந்த ஊரின் அன்றாடப் பொறுப்பு அங்குள்ள இமாமிடமும் நிர்வாகத்திடமும் இருக்கிறது. வந்தவர் போனதால் பிள்ளைகளின் ஓதல் நிற்காது. வருகிறவரையும் இருக்கிறவரையும் ஒரே ஆளாக்கியதால்தான் உங்களுக்கு இந்தச் சிக்கல் என்று எனக்குப் படுகிறது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அறிமுகமில்லாத நால்வர் ஓர் ஊருக்குள் பையோடு நடந்து போவது எந்தச் சமயத்தவருக்கும் எளிதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

புளியந்தீவு டீச்சர்

சீயோன் தேவாலயத்தில் அன்று இறந்தவர்களில் பலர் ஓய்வுநாட் பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள். அதைப்பற்றி இங்கே விரிவாக எழுத எனக்கு இயலாது.

குருமனைக்காரி மகள், நீங்கள் சொன்னது சரி. நானும் போதகர்களையே எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் போதகர் மாறினாலும் மாறாமல் இருந்தது, தாளக் கருவி வாசித்த ஒரு மாமியும், பதிவேடு எழுதிய என் சின்னம்மாவும்தான். சாய்ந்தமருதுச் சகோதரர் சொன்னதற்கும் இதற்கும் பொருத்தம் இருக்கிறது.

படுவான்கரையான்

ஆம், இருக்கிறவர் கையில் கொடுத்துவிட்டுப் போவது. இதற்கு நம் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், மட்டக்களப்பில் கிறிஸ்தவப் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, 1924இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டவர். அவரும் மிசன் ஊழியர்தானே! அவர் நின்ற இடங்களை எண்ணிப் பாருங்கள்: யாழ்ப்பாணம், சென்னை, திருகோணமலை, 1931 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இமயத்தில் மாயாவதி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகம். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் அவருடைய முயற்சியில் எழுந்தது, ஆனால் அவர் அதன் வளவில் குந்தியிருக்கவில்லை. நடத்துவதற்கு ஆட்களை ஆக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். 1947இல் இறந்தபின்தான் அந்த வளவில் நிரந்தரமாகத் தங்கினார்.

முதலில் நான் எழுதியதிலிருந்து இது சற்று விலகுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிற்கும் காலம் மட்டுமே அளவுகோல் என்று எழுதியிருந்தேன். அது முழுமையல்ல.

தம்பிலுவில் கரையோரம்

தாமதமாக வருகிறேன். நீங்கள் வரப்போகும் பக்கத்தைச் சேர்ந்தவன் என்பதால் ஓர் எச்சரிக்கை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரைக்கு வந்துபோன குழுக்களை நாங்கள் எண்ணுவதை விட்டுவிட்டோம். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரிடமும் பெயர்ப் பட்டியல் இருந்தது, எல்லோரும் எங்களிடம் என்ன நடந்தது என்று முதலிலிருந்து கேட்டார்கள். என் தாய் தன் இரு பிள்ளைகளை இழந்த கதையை ஓராண்டுக்குள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று தெரியாது. பிறகு ஒரு கட்டத்தில், வருகிறவரிடம் அவரே முதலில் கேட்கத் தொடங்கினார்: "நீங்க எப்ப போவீங்க மனே?" அது சண்டைக்குக் கேட்ட கேள்வி இல்லை. எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்வதற்காகக் கேட்டது. இங்கே வந்து முதல் மாதத்தில் உங்களிடமும் யாராவது இதைக் கேட்பார்கள். மழுப்பாமல் விடை சொல்லுங்கள். மூன்று ஆண்டு என்றால் மூன்று ஆண்டு என்றே சொல்லுங்கள்.

வாவிக்கரை ஊழியன்

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்னபடி கடிதம் எழுதிவிட்டேன்; 7 மாதம் என்பதை இரண்டாவது வரியிலேயே எழுதினேன். விடை இன்னும் வரவில்லை. அது வரும்வரை காத்திராமல், மாலை வகுப்பை ஊரிலுள்ள இரண்டு பெண்களிடம் ஒப்படைத்திருக்கிறேன். ஒருவர் உயர்தரம் படித்துவிட்டு வீட்டிலிருப்பவர், மற்றவர் முன்பள்ளி ஆசிரியை. இருவரும் எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். வகுப்பை எங்கள் மண்டபத்தில் வைப்பதா, பாடசாலையில் வைப்பதா என்று அவர்களே பேசிப் பாடசாலை என்று முடிவெடுத்தார்கள். உண்மையைச் சொல்வதானால், அது எனக்கு ஒரு கணம் வலித்தது. படுவான்கரையான் அண்ணன் எழுதியதை மீண்டும் வாசித்த பிறகு அந்த முடிவின் நியாயம் விளங்கியது. ஓய்வுநாட் பாடசாலைப் பதிவேடு மட்டும் இன்னும் என் மேசையில் கிடக்கிறது. அதற்கு ஆள் பிடிக்கவில்லை.

குருமனைக்காரி அக்கா எழுதியதை, குருவிக் காவலைப் பற்றிக் கேட்ட அந்தப் பெரியவரிடம் நேற்றுக் களவெட்டியில் வைத்துச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நானும் மாற்றலாகித்தானே ஐயா இந்த ஊருக்கு வந்தன். கலியாணம் முடிச்ச அண்டைக்கு மாற்றம். நாப்பது வருசமாச்சு, எங்கட ஆக்கள் இன்னும் என்ன இன்னார்ர மருமகன் எண்டுதான் சொல்லுறாங்க." இந்த ஊரில் மணமான ஆண் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுக்கோ அடுத்த ஊருக்கோ பெட்டியோடு வந்தவர்கள் என்பது மூன்றாண்டுகளாக என் கண் முன்னால் இருந்தும் எனக்குத் தோன்றவே இல்லை. வந்தவராகவே நாற்பது ஆண்டு இருக்கலாம் போலிருக்கிறது.

எங்கே மாற்றம் என்று கேட்டார். திருக்கோவில் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வீட்டாரோடு அங்கே வருவாராம். குருமண்வெளிக்குப் பாதை என்னும் மிதவைப் படகில் கடந்து, அங்கிருந்து பேருந்து பிடித்து, முதல் நாள் மாலையே வந்து, படுக்க இடம் தேடி மணலில் கிடப்பார்களாம். "இந்த முற ஐயாட வீட்டுலதான் படுக்கிற," என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டுச் சூடு அடிக்கப் போய்விட்டார்.

அவர்கள் 8 பேர். தம்பிலுவில் நண்பர் திருக்கோவிலில் எங்கள் சபை விடுதியை அறிந்திருந்தால், அங்கே 8 பேருக்குப் பாய் விரிக்க இடமுண்டா என்று சொல்ல முடியுமா?

தம்பிலுவில் கரையோரம்

உங்கள் சபை எது என்று நீங்கள் சொல்லாததால் விடுதி எது என்பது எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் இடம் போதாவிட்டால் எங்கள் வீட்டில் பெரிய விறாந்தை இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் சற்று உவர், குடிக்கிற தண்ணீரை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.